புள்ளி தராத டிஃபென்டரை விற்பதா, வைத்திருப்பதா? ஃபேண்டஸி பிரீமியர் லீக் புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

நிஜக் கால்பந்து ஆட்டக்காரர்களை வாங்கி ஓர் அணி சேர்த்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறுவதுதான் ஃபேண்டஸி ஆட்டம். அப்படி உங்கள் அணியில் இருக்கும் ஒரு டிஃபென்டர் (தடுப்பு ஆட்டக்காரர்) நான்கு வாரமாக 2, 1, 2, 0 என்று புள்ளி கொண்டுவருகிறார். ஐந்தாவது வாரம் பொறுமை போய் அவரை விற்றுவிடுகிறீர்கள். அவர் இடத்தில் போன வாரம் 12 புள்ளி எடுத்தவரை வாங்குகிறீர்கள். அடுத்த வாரம் விற்றவர், அவருடைய அணி கோலே வாங்காததால் கிளீன் ஷீட் வாங்கி, ஒரு கோலும் போடுகிறார். வாங்கியவருக்கு 1 புள்ளி. இதை எல்லாரும் "நேரம் சரியில்லை" என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். பெரும்பாலும் நேரத்தின் மேல் தப்பில்லை, பார்த்த எண்ணின் மேல்தான் தப்பு. நான்கு வாரப் புள்ளி ஒரு டிஃபென்டரைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. அதற்கு அடியில் இருக்கும் வேறு சில எண்கள் நிறையச் சொல்லும்.

"ஃபார்ம் போயிடுச்சு" என்ற ஒரே சொல்லில் மூன்று தனித்தனிச் சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்: ஆட்டக்காரரின் கோளாறு, அவருடைய அணியின் கோளாறு, வெறும் அதிர்ஷ்டக் குறைவு. மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் யாரை விற்கவேண்டும் என்பது தானாகத் தெளிவாகும். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வைத்து நடக்கும் அதிகாரபூர்வ ஃபேண்டஸி ஆட்டத்துக்கு, 2025/26 பருவத்தின் விதிகளின்படி.

டிஃபென்டருக்குப் புள்ளி எங்கிருந்து வருகிறது?

முதலில் கணக்கு. 60 நிமிடத்துக்குக் குறைவாக ஆடினால் 1 புள்ளி. 60 நிமிடமோ அதற்கு மேலோ ஆடினால் 2. அவர் 60 நிமிடமாவது ஆடி, களத்தில் இருந்த வரை அணி கோலே வாங்காமல் இருந்தால் 4. இதைத்தான் கிளீன் ஷீட் என்கிறோம். அவர் களத்தில் இருக்கும்போது அணி வாங்கும் ஒவ்வொரு இரண்டு கோலுக்கும் 1 புள்ளி கழியும். அவரே கோல் போட்டால் 6, கோலுக்கான பாஸ், அதாவது அசிஸ்ட், கொடுத்தால் 3. மஞ்சள் அட்டைக்கு 1 கழியும், சிவப்புக்கு 3, சொந்தக் கோலுக்கு 2. இவை தவிர, ஆட்டத்தில் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று போனஸ் உண்டு.

2025/26-இல் புதிதாக ஒன்று சேர்ந்தது. பந்தை அபாயப் பகுதியிலிருந்து வெளியே அடிப்பது, ஷாட்டைக் குறுக்கே நின்று தடுப்பது, பாஸை இடைமறிப்பது, டாக்கிள் செய்வது ஆகிய நான்கையும் கூட்டி ஒரே ஆட்டத்தில் 10 வந்துவிட்டால் டிஃபென்டருக்கு 2 புள்ளி. இதைத் தடுப்புப் பங்களிப்பு என்று சொல்வோம். 9 வந்தால் ஒன்றும் கிடையாது. 20 வந்தாலும் அதே 2 தான்.

இந்தப் பட்டியலில் கிளீன் ஷீட்டின் குணம் மட்டும் வேறு. மற்றவை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். கிளீன் ஷீட் அப்படியில்லை, குடம் பாலில் ஒரு துளி விஷம் விழுந்த கதைதான். 89 நிமிடம் எதிரணியை மூச்சுவிட விடாமல் அடக்கியிருப்பார்கள். 90-ஆவது நிமிடத்தில் கார்னரில் பந்து யார் முழங்காலிலோ பட்டு உள்ளே போனால் நான்கு புள்ளியும் மொத்தமாகப் போய்விடும். நல்ல தடுப்பாட்டத்துக்கும் மோசமான தடுப்பாட்டத்துக்கும் அந்த வாரத்துச் சீட்டில் ஒரே 2 புள்ளிதான் தெரியும். டிஃபென்டர்களைக் கணிக்கும்போது நாம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நல்ல அணிக்கே எத்தனை கிளீன் ஷீட்?

2018/19-இல் லிவர்பூல் 38 ஆட்டத்தில் 22 கோல்தான் வாங்கியது. கிளீன் ஷீட் 21. அந்த அணியின் இடது ஃபுல்-பேக் (ஓரத்தில் ஆடும் டிஃபென்டர்) ஆண்ட்ரூ ராபர்ட்சன் அந்தப் பருவத்தில் ஒரு லீக் கோல்கூடப் போடாமல் 213 ஃபேண்டஸி புள்ளி எடுத்தார். டிஃபென்டர்களில் அதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கை. ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். அப்படிப்பட்ட அணியும் 17 ஆட்டத்தில் கோல் வாங்கியது. 2004/05-இல் 15 கோல் மட்டுமே வாங்கிய செல்சிகூட 13 ஆட்டத்தில் கிளீன் ஷீட்டைக் கோட்டைவிட்டது.

வாங்கும் கோலுக்கும் கிளீன் ஷீட்டுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. புள்ளியியலில் அதைப் பாய்சான் பரவல் என்பார்கள். எப்போதாவது நடக்கும் ஒரு நிகழ்வு சராசரியாக எத்தனை முறை நடக்கிறது என்று தெரிந்தால், ஒருமுறைகூட நடக்காமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். சூத்திரம் வேண்டாம், விடையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 0.8 கோல் வாங்கும் என்றால் கிளீன் ஷீட் வாய்ப்பு சுமார் 45 சதவீதம். 1.0 என்றால் 37. 1.3 என்றால் 27. 1.6 என்றால் 20. 2.0 என்றால் 14 தான்.

இது காகிதக் கணக்கா, களத்தில் நிற்குமா? சோதித்துப் பாருங்கள். லிவர்பூலின் 22 கோலை 38-ஆல் வகுத்து இந்தக் கணக்கில் போட்டால் 21 கிளீன் ஷீட் வரவேண்டும் என்கிறது. 21 வந்தது. 2023/24-இல் ஆர்சனல் 29 கோல் வாங்கியது. கணக்குச் சொல்வது ஏறக்குறைய 18. வந்தது 18. செல்சிக்கு 25 அல்லது 26 வரலாம் என்கிறது கணக்கு. வந்தது 25. எல்லா அணிக்கும் இப்படி அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் ஒரு பருவத்தின் நீளத்தில் வெகுதூரம் விலகிப்போவது அரிது.

இப்போது முதலில் சொன்ன டிஃபென்டரிடம் வருவோம். அவருடைய அணி ஆட்டத்துக்கு 1.3 கோல் வாங்கும் சராசரி அணி என்று வைத்துக்கொள்வோம். கிளீன் ஷீட் வாய்ப்பு 27 சதவீதம், அதாவது தவறவிடும் வாய்ப்பு 73 சதவீதம். தொடர்ந்து ஆறு ஆட்டம் தவறவிட எவ்வளவு வாய்ப்பு? 0.73-ஐ ஆறுமுறை பெருக்கினால் சுமார் 15 சதவீதம். லீக்கில் 20 அணிகள் இருக்கின்றன. அவற்றில் பல இந்தத் தரத்தில்தான் ஆடுகின்றன. ஆக, எந்தத் தப்பும் செய்யாமலே ஆறு வாரம் காய்ந்து கிடக்கும் டிஃபென்டர்கள் ஒருவரோ இருவரோ எப்போதும் இருந்துகொண்டேதான் இருப்பார்கள்.

சுருக்கமாக: கிளீன் ஷீட் முழுதாக வரும் அல்லது வராமல் போகும். ஐந்தாறு ஆட்டம் வராமல் இருப்பது மட்டுமே ஒருவர் கெட்டுப்போனதற்குச் சாட்சி ஆகாது.

மட்டையைத் தாண்டிய பந்துகள்

அப்படியானால் எதைச் சாட்சியாக எடுப்பது? கிரிக்கெட்டில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் பத்து ஓவர் போடுகிறார். மட்டையின் விளிம்பை ஒட்டிப் பத்துப் பந்து போயிருக்கிறது, இரண்டு கேட்ச் நழுவியிருக்கிறது, விக்கெட் இல்லை. ஸ்கோர்கார்டு மட்டும் பார்த்தவர் "சுமார்" என்பார். ஆட்டம் பார்த்தவர் "இன்றைக்கு அவருக்கு ஐந்து விக்கெட் விழுந்திருக்கவேண்டியது" என்பார். இரண்டாமவர் பேசுவது வாய்ப்பைப் பற்றி.

கால்பந்தில் அந்த வாய்ப்பை எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது எங்கிருந்து, எந்தக் கோணத்தில், தலையாலா காலாலா அடிக்கப்பட்டது என்றெல்லாம் பார்த்து 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு மதிப்புக் கொடுப்பார்கள். இதற்கு எதிர்பார்ப்புக் கோல் என்று பெயர். ரசிகர்கள் எக்ஸ்ஜி என்பார்கள். பெனால்டியின் மதிப்பு சுமார் 0.78. அதாவது நூறு பெனால்டியில் ஏறக்குறைய 78 உள்ளே போகும். முப்பது கஜத்திலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு 0.02, 0.03 என்றுதான் வரும்.

நம் ஆட்டக்காரர் களத்தில் இருந்த நேரத்தில் எதிரணி அடித்த ஷாட்டுகளின் மதிப்பையெல்லாம் கூட்டினால் வருவது எதிர்பார்ப்பு வாங்குகோல், ரசிகர் வழக்கில் எக்ஸ்ஜிசி. ஃபேண்டஸி தளத்திலேயே ஆட்டக்காரரின் பெயரைத் தட்டினால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இது காட்டும். காசு கட்டி வேறெங்கும் போகவேண்டியதில்லை.

வாங்கிய கோலையும் எக்ஸ்ஜிசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு ஆட்டத்தில் அணி 10 கோல் வாங்கியிருக்கிறது, எக்ஸ்ஜிசி 6 தான் என்றால், அணி எதிரணிக்குக் கொடுத்த வாய்ப்புகள் குறைவு, அவை அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கின்றன. இந்த டிஃபென்டரை வைத்திருக்கலாம். இனி வரும் ஆட்டங்களில் கோல் எண்ணிக்கை 6-இன் பக்கம் சாய்வதற்கே வாய்ப்பு அதிகம். 10 கோல், எக்ஸ்ஜிசியும் 10 என்றால் அணி ஓட்டைதான். காத்திருந்து பயனில்லை.

மூன்றாவது வகையை யாரும் கவனிப்பதே இல்லை. 4 கோல்தான் வாங்கியிருக்கிறார்கள், மூன்று கிளீன் ஷீட்டும் வந்திருக்கிறது, ஆனால் எக்ஸ்ஜிசி 9. இந்த அணியின் டிஃபென்டரைத்தான் அந்த வாரம் எல்லாரும் ஓடிப்போய் வாங்குவார்கள், விலையும் ஏறும். அடுத்த மாதம் அவரே "ஏமாற்றிவிட்டார்" பட்டியலில் இருப்பார். டிஃபென்டர் தேர்வில் நடக்கும் பிழைகளில் மிக அதிகமாகப் புள்ளியைத் தின்பது இதுதான் என்பது என் கணிப்பு. நல்லவரைத் தவறாக விற்பதைவிட, தற்காலிகமாக மின்னுகிறவரைத் தவறாக வாங்குவதுதான் அதிக இழப்பு.

இந்த எண்ணும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. ஓர் ஆட்டத்தில் எக்ஸ்ஜிசி 1.9 என்று பார்த்துப் பதறவேண்டாம். அதில் இரண்டு பெனால்டி இருந்தால் 1.56 அதற்கே போய்விட்டது. மிச்சம் 0.34. அன்றைக்குத் தடுப்பு அருமையாக இருந்திருக்கிறது. சொந்தக் கோல் எதிரணியின் ஷாட் இல்லை என்பதால் இந்தக் கணக்கில் வரவே வராது. இருபதாவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேராக ஆடிய ஆட்டத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சராசரி போடுங்கள். மூன்று கோல் முன்னிலை எடுத்த பிறகு பின்வாங்கி நிற்கும் அணிக்குக் கடைசி அரை மணியில் எக்ஸ்ஜிசி கொஞ்சம் கூடும். அதையும் பெரிதாக எடுக்கவேண்டாம். இன்னொன்று, கோல்கீப்பர். அவர் நிஜமாகவே பலவீனமானவர் என்றால் வாங்கும் கோல் எக்ஸ்ஜிசியைவிட மாதக்கணக்கில் கூடவே இருக்கும். பத்துப் பதினைந்து ஆட்டம் தாண்டியும் இடைவெளி மூடவில்லை என்றால் அதை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள், கீப்பரைப் பாருங்கள்.

எத்தனை ஆட்டம் பார்க்கவேண்டும்? மூன்று போதாது. ஆறிலிருந்து பத்து ஆட்டம் பாருங்கள். பருவத் தொடக்கமாக இருந்தால் போன பருவத்தின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் மாறியிருந்தால் அந்தத் தேதிக்கு முந்தைய எண்களுக்குப் பாதி மதிப்புகூடக் கிடையாது.

சுருக்கமாக: வாங்கிய கோல் நடந்ததைச் சொல்லும். எக்ஸ்ஜிசி நடக்கப்போவதை அதைவிட நன்றாகச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நாம் தேடும் அதிர்ஷ்டம்.

களத்தில் நிற்கிறாரா?

எக்ஸ்ஜிசி அணியின் நிலையைச் சொல்லும். ஆட்டக்காரரின் சொந்த நிலையை அறிய முதலில் பார்க்கவேண்டியது நிமிடம். இது மிக எளிது, அதனாலேயே பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

58-ஆவது நிமிடத்தில் 0-0 என்ற நிலையில் வெளியே எடுக்கப்பட்டால் அவருக்கு 1 புள்ளிதான். அணி கடைசிவரை கோல் வாங்காவிட்டாலும் கிளீன் ஷீட் கிடையாது. 62-இல் வெளியேறினால் கிளீன் ஷீட் அவர் கையில் பத்திரம். அதற்குப் பிறகு அணி மூன்று கோல் வாங்கினாலும் அவரைத் தொடாது. சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அதற்குப் பிறகு அணி வாங்கும் கோலும் அவர் கணக்கில் ஏறும்.

கடைசி ஆறு ஆட்டத்தின் நிமிடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். 90, 90, 90, 90 என்றிருந்தால் கவலையில்லை. 90, 71, 64, 57, 0 என்று இறங்கிக்கொண்டிருந்தால் அது புள்ளியில் தெரிவதற்கு முன்பே எச்சரிக்கை. காரணத்தையும் தேடுங்கள். வார நடுவில் ஐரோப்பியப் போட்டி ஆடும் அணியில் ஃபுல்-பேக்குகளை மாற்றி மாற்றி இறக்குவார்கள். அதே இடத்துக்குப் புதிதாக ஒருவரை வாங்கியிருக்கலாம். காயத்திலிருந்து திரும்பி வந்தவராக இருந்தால் நிமிடம் தானாகக் கூடும், பொறுக்கலாம். சென்டர்-பேக்குகளை, அதாவது தடுப்பு வரிசையின் மையத்தில் நிற்கும் டிஃபென்டர்களை, ஆட்டத்தின் நடுவில் மாற்றுவது குறைவு. மஞ்சள் அட்டைக் கணக்கும் இங்கேதான் சேரும். அணியின் முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் வாங்கினால் ஓர் ஆட்டத் தடை. நான்கோடு நிற்பவரை வாங்கும்முன் யோசியுங்கள்.

தடுப்புப் பங்களிப்பில் சராசரி ஏன் ஏமாற்றும்?

10 என்ற கோட்டைத் தாண்டினால் 2, தாண்டாவிட்டால் 0 என்று பார்த்தோம். பரீட்சையில் 35 எடுத்தால் பாஸ், 34 என்றால் ஃபெயில் என்பது போல. இப்படிக் கோடு போட்டுக் கொடுக்கும் புள்ளிக்குச் சராசரி பார்ப்பது வீண். நான்கு ஆட்டத்தில் 14, 3, 13, 2 எடுத்தவரின் சராசரி 8. அவருக்கு 4 புள்ளி. 8, 9, 8, 7 எடுத்தவரின் சராசரியும் 8 தான். அவருக்கு ஒன்றுமில்லை. அதனால் "பத்து ஆட்டத்தில் எத்தனை முறை கோட்டைத் தாண்டினார்" என்று எண்ணுங்கள்.

ஆனாலும் இரண்டாமவரை அப்படியே ஒதுக்கவேண்டாம். 8, 9, 8 என்று கோட்டை ஒட்டியே நிற்பவர், எதிரணி அதிகமாகப் பந்தைத் தூக்கி அடிக்கும் ஆட்டங்களில் தாண்டிவிடுவார். இவர் கையில் புள்ளி தெரியாவிட்டாலும் உள்ளே சரக்கு இருக்கிறது. 4, 3, 5 என்று நிற்பவருக்கு அது இல்லை.

யாருக்கு இது அதிகம் வரும் என்பதும் ஓரளவு ஊகிக்கக்கூடியதுதான். பந்து அதிகநேரம் எதிரணியிடம் இருக்கும் அணிகளில், பெனால்டி பெட்டிக்குள் நின்று பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றும் சென்டர்-பேக்குகளுக்கு வரும். எவர்டனின் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி அந்த வகை. பந்தைத் தன்னிடமே வைத்திருக்கும் பெரிய அணியின் ஃபுல்-பேக்குக்கு 90 நிமிடத்தில் தடுக்கவேண்டிய வேலையே நான்கைந்துதான் இருக்கும். கிளீன் ஷீட் அதிகம் வரும் இடத்தில் தடுப்புப் பங்களிப்புக் குறைவு, இது அதிகம் வரும் இடத்தில் அது குறைவு. ஒரே அளவுகோலால் இருவரையும் அளந்தால் இருவருமே மோசம் என்றுதான் தோன்றும்.

இடம் மாறினாரா?

கோல், அசிஸ்ட் பக்கம் பார்க்கும்போது எத்தனை வந்தது என்று பார்க்காமல், எங்கே நிற்கிறார், கார்னரையும் ஃப்ரீ கிக்கையும் யார் அடிக்கிறார் என்று பாருங்கள். கார்னரை அடித்துக்கொண்டிருந்த ஃபுல்-பேக்கிடமிருந்து அந்த வேலை புதிதாக வந்த மிட்ஃபீல்டருக்குப் போய்விட்டால் அவருடைய அசிஸ்ட் வாய்ப்பில் பெரும்பகுதி போய்விட்டது. அது தானாகத் திரும்பி வராது. அதே வேலையைச் செய்துகொண்டே, கொடுக்கும் பந்துகளைச் சக ஆட்டக்காரர்கள் கோட்டைவிடுவதால் அசிஸ்ட் இல்லை என்றால், வரும். இதைக் காட்டும் எண்ணும் தளத்தில் இருக்கிறது. அவர் கொடுத்த பாஸிலிருந்து பிறந்த ஷாட்டுகளின் மதிப்புதான் எதிர்பார்ப்பு அசிஸ்ட்.

இடமாற்றம் எப்படி எல்லாவற்றையும் புரட்டிப்போடும் என்பதற்கு 2022/23-இன் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டைவிட நல்ல உதாரணம் இல்லை. முந்தைய பருவங்களின் நட்சத்திரம், விலையும் அதிகம். லிவர்பூல் அந்தப் பருவத்தில் 47 கோல் வாங்கியது. அதற்கு முந்தைய பருவத்தில் 26 தான். இது அதிர்ஷ்டக் குறைவு இல்லை, அணியே ஓட்டையாக இருந்தது. அந்த மாதங்களில் அவரை விற்றவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் 2023 ஏப்ரல் 9-ஆம் தேதி ஆர்சனலுடன் 2-2 என்று முடிந்த ஆட்டத்திலிருந்து, பந்து லிவர்பூலிடம் இருக்கும்போது அவர் நடுக்களத்துக்கு வந்து ஆடத் தொடங்கினார். அந்தப் பருவத்தில் அவர் கொடுத்த 9 அசிஸ்ட்களில் பெரும்பகுதி அதற்குப் பிந்தைய இரண்டே மாதத்தில் வந்தவை. ஃபேண்டஸியில் பருவ நடுவில் ஆட்டக்காரரின் வகை மாறாது என்பதால் மிட்ஃபீல்டில் ஆடினாலும் டிஃபென்டர் புள்ளிதான். அவருடைய எட்டு மாதச் சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதைத் தவறவிட்டார்கள். இடம் மாறியதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது.

இனி வரும் ஆட்டங்கள்

காய்ந்த ஆறு வாரத்தில் எதிரே யார் இருந்தார்கள்? லீக்கின் முதல் நான்கு அணிகளோடு மோதிவிட்டு வந்தவரையும், கீழ்வரிசை அணிகளிடம் கோல் வாங்கியவரையும் ஒன்றாக வைக்கக்கூடாது. தளம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கடினத்தைக் காட்ட 1 முதல் 5 வரை ஓர் எண் கொடுக்கிறது. அதை அப்படியே நம்பவேண்டாம். எதிரணி மொத்தத்தில் எவ்வளவு பலமானது என்றுதான் அது சொல்லும். டிஃபென்டரை எடைபோட நமக்குத் தேவை, எதிரணியின் தாக்குதல் எப்படி என்பது மட்டும். தடுப்பில் கெட்டியாகவும் கோல் போடுவதில் பஞ்சமாகவும் இருக்கும் அணிக்கு 3 என்று காட்டும். நம் டிஃபென்டருக்கு அது 2 தான்.

ஒரே அணியிலிருந்து இரண்டு, மூன்று டிஃபென்டர்கள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரே கோல் எல்லாருடைய கிளீன் ஷீட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். அந்த வாரம் உங்கள் தடுப்பு வரிசையே சரிந்தது போலத் தோன்றும். நடந்தது ஒரே சம்பவம்தான்.

எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்குவது

இருவரை ஒப்பிட ஒரு சின்னக் கூட்டல் போதும். போனஸையும் அட்டைகளையும் விட்டுவிடுவோம். உதாரணத்துக்கு இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், இருவரும் எல்லா ஆட்டமும் முழுதாக ஆடுபவர்கள்.

முதலாமவர் 4.5 மில்லியன் விலையுள்ள சென்டர்-பேக், எக்ஸ்ஜிசி ஆட்டத்துக்கு 1.5. களமிறங்கியதற்கு 2. கிளீன் ஷீட் வாய்ப்பு 22 சதவீதம், அதை நாலால் பெருக்கினால் 0.89. வாங்கும் கோலுக்காகச் சராசரியாக 0.51 கழியும். பத்தில் ஐந்து ஆட்டத்தில் தடுப்புக் கோட்டைத் தாண்டுகிறார், அதற்கு 1.0. கார்னரில் தலையால் முட்டும் வாய்ப்பால் எக்ஸ்ஜி 0.06, ஆறால் பெருக்கினால் 0.36. எதிர்பார்ப்பு அசிஸ்ட் 0.02, மூன்றால் பெருக்கினால் 0.06. மொத்தம் 3.80.

இரண்டாமவர் 5.5 மில்லியன் ஃபுல்-பேக், எக்ஸ்ஜிசி 1.1. களமிறங்க 2. கிளீன் ஷீட் வாய்ப்பு 33 சதவீதம், 1.33. கழிவு 0.33. தடுப்புக் கோடு பத்தில் ஒரு முறை, 0.2. எக்ஸ்ஜி 0.03, அதற்கு 0.18. எதிர்பார்ப்பு அசிஸ்ட் 0.12, அதற்கு 0.36. மொத்தம் 3.74.

ஒரு மில்லியன் விலை வித்தியாசம். புள்ளியில் வித்தியாசமே இல்லை. ஆட்டத்துக்கு 4 புள்ளி எதிர்பார்க்கலாம் என்று கணக்குச் சொல்லும் டிஃபென்டர் நல்ல டிஃபென்டர். 38 ஆட்டத்தில் அது 152 ஆகும். உங்கள் ஆளுக்கு இந்தக் கூட்டல் 3.8 சொல்லி, கடைசி ஆறு வாரத்தில் 1.5 தான் கிடைத்திருந்தால், அவர் அடிபட்டது அதிர்ஷ்டத்தால். கூட்டலே 2.6 என்று சொன்னால் பிரச்சினை ஆளிடமோ அணியிடமோதான்.

விற்பதற்கு ஆகும் செலவு

வாரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் (ஒருவரை விற்று இன்னொருவரை வாங்குவது) இலவசம். பயன்படுத்தாமல் விட்டால் ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் செய்யும் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி கழியும். புதியவர் பழையவரைவிட ஆட்டத்துக்கு 0.5 புள்ளி கூட எடுப்பார் என்று கணக்குச் சொன்னால், அந்த 4-ஐ ஈடுகட்டவே எட்டு ஆட்டம் ஆகும். ஆகவே டிஃபென்டரை மாற்ற 4 புள்ளி கொடுப்பது அநேகமாக எப்போதுமே நஷ்டம். காயமோ தடையோ வந்து களத்தில் இறக்க ஆளே இல்லை என்றால் மட்டும் யோசிக்கலாம். இலவச டிரான்ஸ்ஃபராக இருந்தாலும் அதை ஒரு மிட்ஃபீல்டருக்கோ ஃபார்வர்டுக்கோ பயன்படுத்தினால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அங்கே ஆட்டத்துக்கு 1, 1.5 என்று வித்தியாசம் கிடைப்பது சாதாரணம்.

விலையிலும் ஒரு வெட்டு இருக்கிறது. வாங்கிய பிறகு விலை ஏறினால் லாபத்தில் பாதிதான் உங்களுக்கு, அதுவும் 0.1-க்குக் கீழ் வருவதை விட்டுவிடுவார்கள். 5.5-க்கு வாங்கியவர் 5.8 ஆகியிருந்தால் விற்கும்போது 5.6 தான் வரும். பிறகு அவரையே திரும்ப வாங்க 5.8 கொடுக்கவேண்டும். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று விற்பது இதனால்தான் கட்டுப்படியாகாது.

நடுவில் இன்னொரு வழி இருக்கிறது: பெஞ்ச், அதாவது மாற்று ஆட்டக்காரர் வரிசை. உங்களிடம் ஐந்து டிஃபென்டர்கள் இருக்கிறார்கள், களத்தில் இறக்கவேண்டியது குறைந்தது மூன்று பேர். எக்ஸ்ஜிசி நன்றாக இருக்கிறது, நிமிடமும் குறையவில்லை, ஆனால் அடுத்த இரண்டு ஆட்டம் பலமான தாக்குதல் அணிகளோடு என்றால் அவரைப் பெஞ்சில் முதல் இடத்தில் வையுங்கள். களமிறக்கிய பதினொருவரில் யாராவது ஒரு நிமிடம்கூட ஆடாமல் போனால் மட்டும் அவர் தானாக உள்ளே வருவார். மூன்றே டிஃபென்டர்களை இறக்கி, அவர்களில் ஒருவர் ஆடாமல் போனால், பெஞ்சில் அவருக்கு முன்னால் மிட்ஃபீல்டர் இருந்தாலும் டிஃபென்டர்தான் உள்ளே வருவார். மூன்று பேர் என்ற விதியை அணி மீற முடியாது. நான்கு டிஃபென்டர்களை இறக்கியிருந்தால் பெஞ்சின் வரிசைப்படிதான் நடக்கும். அதனால் கெடு நேரத்துக்கு முன் அந்த வரிசையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.